ரோல் பாரும் வார்க்கட்டும்: வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரின் பாதுகாப்பு

மனிதன் விரைவை நாடத் தொடங்கிய நாளிலேயே, அவ்விரைவினால் விளையுங் கேட்டினின்று தன்னைக் காத்துக்கொள்ளும் வழியையும் நாடத் தொடங்கினான். குதிரைக்குக் கடிவாளமும் தேருக்கு அச்சாணியும் கண்டவன், மோட்டார் வாகனத்துக்குத் தடுப்பும் ஆசனப்பட்டியுங் கண்டான். எனினும், காப்புக்கென அமைந்த கருவி எவ்விடத்தும் காப்பே தரும் என எண்ணுதல் தவறாகும். மருந்தே ஆயினும் அளவும் அனுபானமும் தவறின் நஞ்சாதல் போலக் காப்புக் கருவியும் தனக்குரிய துணைகளை விட்டுத் தனித்து நிற்குமாயின் கேடு பயக்கும். இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவன, பந்தயக் கார்களிற் காணப்படும் ‘ரோல் பார்’ எனும் இரும்பு வளைவும், ‘ஹார்னஸ்’ எனும் வார்க்கட்டுமாம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலை, அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. கடைகளும் பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் நெருங்கிய இவ்வீதியில் மாட்டு வண்டியும் துவிச்சக்கர வண்டியும் ஓடிய காலம் உண்டு. இன்று அதே வீதியில், தாழ்ந்த உடலும் வலிய எஞ்சினுங் கொண்ட கார்களும் இடையிடையே விரைகின்றன. அத்தகைய காரை உடையோர் சிலர், பந்தயக் காரிற் கண்டவாறே தம் வண்டியிலும் ஆசனத்தின் பின்னே இரும்பு வளைவொன்றைப் பொருத்தி, நான்கு கிளையுடைய வார்க்கட்டொன்றையும் மாட்டிவிட்டால் எவ்விபத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை எனக் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவுக்கு உண்மை, எவ்வளவுக்குப் பிழை என்பது ஈண்டு ஆராயப்படும்.

மோதலின் இயல்பு

முதற்கண் மோதலின்போது நிகழ்வது யாது என்பதை அறிதல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் செல்கின்றது. அவ்வேகத்தில் உள்ள உடல் கொண்டிருக்கும் இயக்கச் சத்தி, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தினின்று விழும் உடல் நிலத்தை அடையும்போது கொண்டிருக்கும் சத்திக்குச் சமமாகும். ஓரளவு வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்கு ஒருவரும் துணியார். ஆயின் அதே ஆபத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியிற் செல்வதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வேகம் இரட்டித்தால் சத்தி நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்கு ஒப்பான உயரம் ஏறத்தாழ 40 மீற்றராகும்.

இச்சத்தி அழிந்தே தீரவேண்டும். அஃது எவ்வளவு தூரத்தில் அழிகின்றது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. காரின் முன்பகுதி நசுங்குவதால் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் தூரம் கிடைக்கின்றது எனக் கொள்வோம். பட்டியினால் ஆசனத்தோடு பிணைக்கப்பட்டவர், காரோடு சேர்ந்தே அத்தூரத்தில் வேகம் தணிகின்றார். அப்பொழுது அவர் உடலைத் தாக்கும் விசை புவியீர்ப்பினும் 16 மடங்காகும்; 70 கிலோகிராம் நிறையுடையவரைப் பட்டி தாங்கவேண்டிய பாரம் ஒரு தொன்னுக்கும் மேலாகும். பட்டி அணியாதவரோ கார் நின்ற பின்னரும் முன்னைய வேகத்திலேயே சென்று, திசைதிருப்புஞ் சில்லில் மோதி 10 சென்ரிமீற்றருக்குள் நிற்கின்றார்; அவரைத் தாக்கும் விசை ஏறத்தாழ 100 மடங்காகும்.

உரிய முறையிற் கட்டப்பட்ட மனித உடல் எவ்வளவு தாங்கவல்லது என்பதை, அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் போல் ஸ்ராப் தம் உடலையே கருவியாக்கி ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ரொக்கெற் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்திற் சென்ற அவர் 1.4 நொடியில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பினும் 46 மடங்கு விசை அவரைத் தாக்கியும் உயிர் தப்பினார். உடலின் வலிமையிலும் அது கட்டப்பட்ட முறையே அவரைக் காத்தது என்பது வெளிப்படை.

ஆசனப்பட்டியின் வளர்ச்சி

பந்தயக் களத்திலும் இவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. 1950களின் பந்தயச் சாரதிகளுட் பலர், விபத்தின்போது காரினின்று தூக்கியெறியப்படுவதே நன்மை எனக் கருதினர். தீயில் அகப்பட்டு எரிவதினும் நிலத்தில் விழுவது மேல் என்பது அவர்தம் வாதம். நாளடைவில் அனுபவம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. போர்மியூலா வன் பந்தயக் கார்களில் 1961இல் ரோல் பார் கட்டாயமாக்கப்பட்டது. 1972இல் ஆறு புள்ளி வார்க்கட்டுக் கட்டாயமாக்கப்பட்டது.

பொது வீதிக்குரிய காப்பு வேறொரு வழியில் வளர்ந்தது. சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் பூலின், முன்னர் விமானங்களுக்கு வெளியெறி ஆசனங்களை வகுத்தவர். 1959இல் அவர் மூன்று புள்ளி ஆசனப்பட்டியை அமைத்தார். இடுப்பெலும்பின் குறுக்கே ஒரு கிளையும், தோளினின்று மார்பின் குறுக்கே மற்றொரு கிளையும் செல்ல, இரண்டும் ஆசனத்தின் பக்கத்தே ஓரிடத்திற் கூடுமாறு அஃது அமைந்தது. ஒரு கையாற் பூட்டவும் விடுவிக்கவுங் கூடிய இவ்வெளிய அமைப்பின் உரிமையை வொல்வோ நிறுவனம் பிற நிறுவனங்களும் பயன்படுத்துமாறு விட்டுக்கொடுத்தது. இலங்கையில் முன்னாசனத்தில் அமர்வோர் பட்டி அணிதல் 2011ஆம் ஆண்டிற் கட்டாயமாயிற்று.

மூன்று புள்ளிப் பட்டியின் சிறப்பு, இறுகப் பிடிப்பதில் மட்டுமன்று. வேண்டிய அளவு விட்டுக்கொடுப்பதிலும் உள்ளது. சாதாரண நேரத்திற் சாரதி முன் குனியவும், சந்தியில் எட்டிப் பார்க்கவும், தோளுக்கு மேலாற் பின்னே நோக்கவும் அது இடந்தருகின்றது. மோதலின்போது மட்டுமே சுருள் பூட்டிக்கொள்ளுகின்றது. மோதலிலும் மார்பு சிறிது முன்சென்று திரும்புவதால் தலையும் மார்பும் ஓரளவு சேர்ந்தே நகருகின்றன. காற்றுப்பையும் இவ்வியக்கத்தைக் கணித்தே வகுக்கப்பட்டது. கண்ணிமைக்கும் நேரத்தினுங் குறைந்த காலத்தில் விரியும் அப்பை, மூன்று புள்ளிப் பட்டி அணிந்தவரின் தலை எங்கே வந்துசேரும் என்ற கணக்கின்படி அவரை எதிர்கொள்ளுகின்றது.

இரும்பு வளைவின் அமைப்பு

இனி, ரோல் பாரின் இயல்பை நோக்குவோம். ஸ்போர்ட்ஸ் கார் தாழ்ந்தது. அதன் ஈர்ப்பு மையமும் தாழ்ந்தது. ஆதலின் சமதரையில் அஃது எளிதிற் கவிழாது. ஆயின் பக்கவாட்டில் வழுக்கும் வேளையில், சில்லு வீதியோர மணலிற் புதையினும் கட்டில் மோதினும், அச்சில்லே முளையாகி வண்டியைப் புரட்டிவிடும். கடற்கரையை அடுத்த ஊர்களில் வீதியின் இருமருங்கும் மணல் கிடத்தலை யாவரும் அறிவர். கூரை மடிக்கத்தக்க காராயின், புரண்ட வண்டிக்கும் நிலத்துக்கும் இடையில் நிற்பது முன்கண்ணாடிச் சட்டமும் சாரதியின் தலையுமேயாம். அமெரிக்க நாட்டில் 1970களில் வந்த கூரை வலிமை விதி, வாகன நிறையில் ஒன்றரை மடங்கைக் கூரை தாங்கவேண்டும் என்றது. 2009இல் இவ்வளவு இலகு வாகனங்களுக்கு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. மடிகூரைக் கார்களோ இவ்விதிக்கு விலக்காயின. அக்குறையை நிரப்புவதே ரோல் பாரின் முதல் நோக்கமாகும்.

சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் இவ்வமைப்புக்கு வகுத்துள்ள விதிகள் தெளிவானவை. முதன்மை வளைவு, பொருத்து இன்றி ஒரே குழாயால் ஆதல் வேண்டும். குழாய், குளிர்நிலையில் இழுக்கப்பட்ட தையலற்ற கரிம உருக்காய், 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அன்றி 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையதாதல் வேண்டும். வளைக்குமிடத்து வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைதலாகாது. குறையின் குழாய் நெளிந்து வலிமை இழக்கும். வளைவு பின்னே சாயாதவாறு இரு தாங்கு குழாய்கள் பின்புறத்துக்குச் செல்லுதல் வேண்டும். முதன்மை வளைவின் கால் ஒவ்வொன்றின் கீழும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் உடைய உருக்குத் தகடு இருத்தல் வேண்டும். குறைந்தது மூன்று சுரையாணிகளால் அஃது இறுக்கப்படல் வேண்டும்.

இவ்விதிகளின் காரணம் எளிது. புரளும் காரின் நிறை முழுவதும் அவ்வளைவின் காலடியில் வந்து குவிகின்றது. காரின் தரைத்தகடோ மெல்லியது. அகன்ற தகடின்றி நிறுத்திய வளைவு, சேற்றில் ஊன்றிய கோல் போலத் தரையைத் துளைத்துக்கொண்டு கீழிறங்கும். தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டி, அதற்குக் கறுப்பு மை பூசிவிட்டால் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்தது. காரின் நிறையைத் தாங்கப் பிறந்ததன்று. அன்றியும், உப்புக் காற்று வீசும் ஊர்களில் துளையிட்ட இடத்தாலும் அரைகுறை ஒட்டின் வழியாலும் ஈரம் உட்புகுந்து குழாயை அகத்தே அரித்துவிடும். புறத்தே மை மினுங்க, அகத்தே துரு தின்னும் வளைவு நம்பிக்கைத் துரோகியை ஒத்தது.

வளைவு எவ்வளவு உயரம் நிற்றல் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. தலைக்கவசம் அணிந்து அமர்ந்த சாரதியின் உச்சியினும் வளைவு குறைந்தது 5 சென்ரிமீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது பந்தயக் கழகங்கள் பலவற்றின் வழக்கம். வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேர்கோலை வைத்துப் பார்த்து, தலை அதன் கீழே அடங்குகின்றதா என நோக்குவது எளிய சோதனையாகும். தலையினுந் தாழ்ந்த வளைவு அலங்காரமேயன்றிக் காப்பன்று.

மிகச் சிறந்த வளைவும் தோல்வியுறுதல் உண்டு. 2022 யூலை 3ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் களத்தில் சீனச் சாரதி சோ குவான்யூவின் கார் தலைகீழாகப் புரண்டபோது, அதன் உச்சிவளைவு பெயர்ந்துபோயிற்று. 2018 தொடக்கம் கட்டாயமாகவிருந்த ‘ஹேலோ’ என்னும் மற்றொரு காப்புச் சட்டமே அவர் உயிரைக் காத்தது. அதன்பின் உச்சிவளைவுக்கான சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. பொறியியல் வல்லுநர் பலர் கூடி அமைத்த வளைவுக்கே இந்நிலையெனின், கராஜ் ஒன்றின் மூலையில் ஒருநாட் பொழுதில் ஒட்டிய வளைவின் நிலை யாதாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வார்க்கட்டின் நுட்பம்

வார்க்கட்டு, மூன்று புள்ளிப் பட்டியின் பெரிய தமையன் அன்று. வேறொரு குலத்தைச் சேர்ந்தது. இரு தோளையும் இரு கிளைகள் பிடிக்க, இடுப்பை இரு கிளைகள் பிடிக்க, தொடைகளின் இடையே ஒன்றோ இரண்டோ கிளைகள் கீழ்நோக்கிச் செல்லும். இவ்விறுதிக் கிளையைத் தேவையற்றதென விட்டுவிடுவோர் பலர். அதன் பயன் யாதெனின், மோதலின்போது தோள்வார்கள் மேல்நோக்கி இழுக்க, இடுப்புவார் எலும்பை விட்டு வயிற்றின்மீது ஏறிவிடும். உடலோ வாரின் கீழாக வழுக்கிச் செல்லும். இதைத் தடுப்பதே தொடையிடைக் கிளையாகும். 1970 செப்டெம்பரில், இத்தாலியின் மொன்ஸா களத்தில் ஒஸ்திரிய நாட்டுச் சார்பிற் பந்தயமோடிய யோகன் றின்ற் உயிரிழந்ததும் இவ்வாறே. தீப்பிடித்தால் விரைந்து வெளியேறலாம் எனக் கருதி அவர் தொடையிடைக் கிளையை அணியாதிருந்தார். மோதலில் உடல் கீழே வழுக்க, காக்க வேண்டிய வாரே அவர் கழுத்தை ஊறுபடுத்திற்று. அவ்வாண்டின் உலக வெற்றிப் பட்டம் அவருக்கு மறைவின் பின்னரே கிடைத்தது.

தோள்வார்கள் எத்திசையிற் செல்லவேண்டும் என்பது அடுத்த நுட்பம். அவை தோளிலிருந்து ஏறத்தாழக் கிடையாகப் பின்சென்று வளைவிலோ அதன் குறுக்குக் குழாயிலோ கட்டப்படுதல் வேண்டும். கிடைக்கோட்டினின்று 45 பாகைக்கு மேற் கீழ்நோக்கிச் சரிதலாகாது. 10 பாகைக்குள் இருத்தலே சிறப்பு என்பது விதி. ஏனெனில் வார் சரியுந்தோறும் அதன் இழுவையில் ஒரு பங்கு தோளைக் கீழே அழுத்துகின்றது. 10 பாகைச் சரிவில் அவ்வழுத்தம் முன்னோக்கிய விசையில் ஐந்தில் ஒரு பங்கினுங் குறைவு. 45 பாகையிலோ அவ்விசைக்கு முற்றுஞ் சமமாகும். முன்னர்க் கண்ட கணக்கின்படி ஒரு தொன் பாரம் மார்பைத் தாங்குமாயின், அதேயளவு பாரம் முதுகெலும்பை மேலிருந்து நசுக்கும். பின்னாசனத்தின் தரையில் ஓர் ஆணியை முடுக்கி, அதிற் தோள்வாரைக் கட்டுவோர் அறியாது செய்வது இதுவே.

மூன்றாவது நுட்பம் கழுத்தைப் பற்றியது. இரு தோளும் அசையாது கட்டுண்டிருக்கத் தலை மட்டும் கட்டின்றி இருத்தலின், மோதலில் தலை தனித்து முன்பாய்கின்றது. தலையின் நிறையோடு கவசத்தின் நிறையும் சேரக் கழுத்து அவற்றை இழுத்துப் பிடிக்க முயன்று, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகின்றது. 1994இல் இமோலாவில் ரோலண்ட் ராட்ஸன்பேகரும், 2001இல் அமெரிக்காவின் டேற்றோனாவில் டேல் ஏர்ன்ஹாட்டும் மாண்டது இத்தகைய ஊறினாலேயாம். இதைத் தடுக்க ‘ஹான்ஸ்’ என்னும் கழுத்துக் காப்பை 1980களில் உயிர்ப்பொறியியல் அறிஞர் றொபேட் ஹபாட் உருவாக்கினார். போர்மியூலா வன் பந்தயத்தில் 2003 முதல் அது கட்டாயமாயிற்று. ஆகவே வார்க்கட்டு வந்தால் கவசம் வரவேண்டும்; கவசம் வந்தால் கழுத்துக் காப்பு வரவேண்டும்; வார்கள் செல்லும் துளைகளோடு கூடிய, பின்சாயாத ஆசனமும் வரவேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டுவிட இயலாது.

அரைக் காப்பின் ஆபத்து

இதுவரை கூறியவற்றால், ரோல் பாரும் வார்க்கட்டும் தனித்தனிக் கருவிகள் அல்ல, ஒரு முழுமையின் உறுப்புகள் என்பது போதரும். அவ்வுறுப்புகளைப் பிரித்தெடுத்து வீதிக் காரிற் பொருத்தினால் விளைவது யாது?

வளைவின்றி வார்க்கட்டு மட்டும் இருப்பின், கார் புரண்டு கூரை கீழிறங்கும்போது, சாரதியின் உடல் நிமிர்ந்தபடியே கட்டுண்டு நிற்கும். மூன்று புள்ளிப் பட்டி அணிந்தவர் சிறிதேனும் பக்கவாட்டிற் சாய இடம் உண்டு. வார்க்கட்டு அணிந்தவருக்கு அதுவும் இல்லை. இறங்கும் கூரையைத் தாங்கும் தூண், அவர் முதுகெலும்பே ஆகும்.

வார்க்கட்டும் கவசமுமின்றி வளைவு மட்டும் இருப்பினோ வேறொரு கேடு. பின்புறமிருந்து ஒரு பஸ் மோதுகின்றது எனக் கொள்வோம். ஆசனத்தின் முதுகு பின்சாய, கவசமற்ற தலை உருக்குக் குழாயில் மோதும். வளைவில்லாத காரிற் சிறு நோவோடு தப்பியிருக்கக்கூடியவர், வளைவிருந்தமையாற் படுகாயம் அடைவார். குழாயின்மீது சுற்றும் மென்பஞ்சு உறை இதற்கு மருந்தாகாது. பந்தயத்துக்கென விதிக்கப்பட்ட உறை கையால் அழுத்த எளிதில் இணங்காத கடுமையுடையது. அதுவும் கவசமணிந்த தலைக்கென்றே வகுக்கப்பட்டது. பின்னாசனத்திற் பிள்ளைகளை அமர்த்துவோர் எண்ணிப் பார்க்கவேண்டியது இன்னும் கடுமையானது. முன்னோர்க்குக் காப்பாக நிற்கும் அவ்வளைவு, பின்னாசனப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்கும் இரும்புத் தடியாகும்.

வீதியில் நாள்தோறும் வார்க்கட்டு அணிதலும் இயலாத செயல். இறுக அணிந்தால் சந்தியில் முன்குனிந்து இருபுறமும் நோக்க முடியாது. பள்ளி விட்டோடும் பிள்ளையைக் காணத் தவறலாம். நோக்குவதற்கென வாரைத் தளர்த்தினால் வார்க்கட்டின் பயனே அற்றுப்போம். மேலும், வார்களின் இழைகள் வெயிலால் நலிவன. பந்தய விதிகள் அவற்றுக்கு 5 ஆண்டு எல்லை விதித்திருத்தல் காரணமின்றி அன்று. கூரையற்ற காரில், கிழக்குக் கரையின் வெயிலில் நாள் முழுதும் காயும் வார், கண்ணுக்குப் புதிதாகத் தோன்றினும் வலிமையிற் பழையதாகும்.

வயல்வெளி தரும் பாடம்

இவ்வுண்மையைக் கல்முனைப் பகுதி மக்கள் ஸ்போர்ட்ஸ் காரினும் தெளிவாக உழவு இயந்திரத்திற் காணலாம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் வரம்பேறியும் வாய்க்கால் தாண்டியும் உழைக்கும் நான்கு சில்லு உழவு இயந்திரம், உயர்ந்த ஈர்ப்பு மையமுடையது. பின்சில்லுகள் சேற்றிற் புதைந்து அசையாதிருக்க, சாரதி முன்னோக்கி விசை கொடுப்பாராயின், சில்லு சுழல்வதற்குப் பதிலாக இயந்திரத்தின் முன்பகுதி மேலெழும். இழுக்கும் சங்கிலியை இழுவைக் கோலிற் கட்டாது அச்சுக்கு மேலே கட்டினும் அதுவே நிகழும். ஏறத்தாழ முக்கால் நொடியில் மீளமுடியாத நிலை வந்துவிடும். மனிதன் கண்டு, கருதி, காலை எடுப்பதற்குள் இயந்திரம் அவன்மேற் கிடக்கும்.

வொல்வோ மூன்று புள்ளிப் பட்டியை அறிமுகஞ் செய்த அதே 1959ஆம் ஆண்டில், அதே சுவீடன் நாடு புதிய உழவு இயந்திரங்களிற் புரளற் காப்புச் சட்டம் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றிற்று. அதன் பயனாக அந்நாட்டில் உழவு இயந்திரம் புரண்டு இறப்போர் தொகை ஆண்டுக்காண்டு அருகிற்று. ஐக்கிய அமெரிக்காவிலும் 1985 முதல் உற்பத்தியாளர்கள் தாமாக முன்வந்து, பெரும்பாலான புதிய இயந்திரங்களில் இச்சட்டத்தையும் ஆசனப்பட்டியையும் ஒருங்கே அமைக்கலாயினர்.

ஈண்டுக் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. மரக்கிளைகளின் கீழ்ச் செல்வதற்காக மடிக்கத்தக்க காப்புச் சட்டமுடைய இயந்திரங்கள் சில உள. சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பட்டி கட்டாயம் அணிதல் வேண்டும். சட்டம் மடிந்திருக்கும்போது பட்டி அணிதலாகாது. சட்டமே இல்லாத இயந்திரத்திலும் அவ்வாறே. சட்டமிருக்கப் பட்டியின்றேல், சாரதி காப்பெல்லைக்கு வெளியே எறியப்பட்டு அச்சட்டத்தின் கீழேயே நசுங்கக்கூடும். பட்டியிருக்கச் சட்டமின்றேல், தப்பிக் குதிக்கும் வாய்ப்பும் இழந்து இயந்திரத்தோடு கட்டுண்டு மாள்வர். பந்தயக் களத்தின் நுட்பம் முழுவதும் இவ்வொரு விதியில் அடங்கியிருத்தல் காண்க. போடியாரின் இயந்திரமாயினும், செல்வரின் காராயினும், இயற்கையின் விதி ஒன்றே.

கொள்ளத்தக்க வழி

அங்ஙனமாயின் ஸ்போர்ட்ஸ் காருடையோர் செய்யத்தக்கது யாது? காரை வீதிக்கு மட்டும் பயன்படுத்துவோர், அதனோடு பிறந்த மூன்று புள்ளிப் பட்டியையும் காற்றுப்பையையும் குலைக்காது பேணுதலே அறிவுடைமை. அழகுக்கென வேறு திசைதிருப்புஞ் சில்லைப் பொருத்திக் காற்றுப்பையை அகற்றுதல், கையிலிருந்த குடையை எறிந்துவிட்டு மழைக்கு அஞ்சுதல் போலாம். நல்ல ரயரும், தேயாத தடுப்பும், பழுதற்ற பட்டியும், அடங்கிய வேகமும் ஒருங்கமைந்தால், வளைவு வேண்டிவரும் வேளை வருதல் அரிது.

காரைப் பந்தயத்துக்கு மட்டும் பயன்படுத்துவோர் முழுக் கூட்டமைப்பையும் மேற்கொள்ளல் வேண்டும்: விதிப்படி அமைந்த சட்டம், ஆறு புள்ளி வார்க்கட்டு, தக்க ஆசனம், கவசம், கழுத்துக் காப்பு. அத்தகைய காரைக் களத்துக்கு லொறியில் ஏற்றிச் செல்லுதலே முறை.

இரண்டுக்கும் ஒரே காரை வைத்திருப்போர்க்கு இடைவழியும் உண்டு. ஆயின் அது கவனத்தை வேண்டுவது. வளைவு தலைக்கு எட்டாத் தூரத்தில், ஆசனத்துக்கு நன்கு பின்னே அமையவேண்டும். அதனைத் தேர்ந்த வல்லுநரைக் கொண்டே அமைத்து உரிய உறையிடல் வேண்டும். பின்னாசனத்தில் எவரும் அமரலாகாது. மூன்று புள்ளிப் பட்டி தன் பழைய வழியிலேயே தடையின்றி இயங்கவேண்டும். வீதியில் அப்பட்டியை அணிந்து, களத்தில் மட்டும் கவசத்தோடும் கழுத்துக் காப்போடும் வார்க்கட்டை அணிதல் வேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர், 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்று உண்டென்பதை நினைந்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் முன்கூட்டியே அணுகுதல் நன்று.

இறுதியாக ஒன்று கூறுதல் தகும். வளைவும் வாரும் காருக்குள் இருப்பவரை மட்டுமே காப்பன. 2024 ஏப்பிரல் 21ஆம் நாள், தியத்தலாவையில் நிகழ்ந்த பொக்ஸ்ஹில் பந்தயத்தில், பாதையை விட்டு விலகிய கார் ஒன்று நின்றோர் நடுவே புகுந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளிட்ட 7 பேர் உயிர் நீத்தனர். ஓரத்தில் நின்றோர்க்கு வளைவுமில்லை, வாருமில்லை. அது பந்தயத்துக்கென ஒதுக்கிய களத்தில் நிகழ்ந்தது. கல்முனை வீதியிலோ, கடைவாயிலில் நிற்கும் முதியவரும், துவிச்சக்கர வண்டியில் மீன் கொண்டு செல்பவரும், பாடசாலை செல்லும் சிறாரும் அவ்வாறே காப்பின்றி நிற்கின்றனர். தன் காரில் இரும்பு வளைவு உண்டென்னும் துணிவு சாரதியின் காலை இன்னும் சற்று அழுத்தச் செய்யுமாயின், அவ்வளைவு ஒருவரைக் காக்கப் பலருக்குக் கேடு சூழ்வதாய் முடியும்.

ஆதலின் காப்புக் கருவியை நாடுவோர், அதன் துணைக் கருவிகளையும், அதன் எல்லையையும், அதனால் தம் மனத்தில் எழும் துணிவையும் ஒருங்கே அளந்தறிதல் வேண்டும். அங்ஙனம் அளந்தறிந்தவர்க்கே இரும்பு அரணாகும். அறியாதவர்க்கு அது வெறும் சுமையாகும்.